முகமூடிக்கு ஏர்கோன், மகளுக்கு ஹால்

கேள்வி: பதினோரு வருடமாக உலகத்து நாட்டுப்புறக் கலைப்பொருள்களைச் சேர்த்து வருகிறேன். ஜாவா முகமூடிகள், கிளந்தானின் வாயாங் கூலிட் எனும் தோல் நிழற்பாவைகள், மெக்சிகோவின் தகர ஓவியங்கள் என அறுபதுக்கு மேல் இருக்கின்றன. மகள் அறையில் மட்டும்தான் ஏர்கோன் என்பதால் எல்லாம் அங்கேதான். அவள் ஹாலில் படுத்துக்கொள்கிறாள், இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். இரவில் தவறாமல் ஏர்கோன் போடுகிறேன். அப்படியும் ஒரு முகமூடியிலிருந்து மாவு கொட்டுகிறது, சாயம் உரிகிறது. பூச்சி மருந்து அடித்தும் பயனில்லை. மனைவியோ எல்லாம் வீண் செலவு என்கிறார். அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உங்கள் மனைவிக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களுக்குத்தான் இருக்கிறது.

எஸ்.பி.எம். எழுதும் பெண் ஹாலில் படுக்கிறாள். இதைப் போகிற போக்கில், வீட்டு எண் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஹால் என்றால் டிவி, வந்துபோகிறவர்கள், விடியற்காலையில் முதலில் எழுகிறவர் போடும் விளக்கு. பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கதவு உள்ள அறை வேண்டும். அதைக் கொடுத்த பிறகு மிஞ்சும் இடத்தில்தான் அப்பாவின் ஆசைக்கு இடம்.

சரி, அவளை வெளியேற்றியதால் முகமூடியாவது பிழைத்ததா? சாயம் உரிவதற்குக் காரணமே நீங்கள் போடும் ஏர்கோன்தான். இரவு முழுக்க ஓடும்போது அறையின் ஈரப்பதம் இறங்குகிறது, மரம் சுருங்குகிறது. காலையில் அணைத்ததும் பினாங்குக் காற்றின் ஈரம் உள்ளே வருகிறது, மரம் உப்புகிறது. மேலிருக்கும் பழைய அடிப்பூச்சுக்கு இந்த நெகிழ்வு கிடையாது. தினமும் ஒருமுறை இழுத்துத் தளர்த்தினால் அது வெடித்துச் செதிலாக விழும். ஈரப்பதம் எப்போதும் 65 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் காற்று, 50க்கும் 85க்கும் இடையே தினம் ஊசலாடும் காற்றைவிட எவ்வளவோ மேல்.

மாவு வேறு கதை. ஜாவா முகமூடிகளைப் பெரும்பாலும் பூலே மரத்தில் செதுக்குவார்கள். நம் ஏழிலைப்பாலைதான் அது. மென்மையான மரம், உளு விரும்பித் தின்னும். முகமூடியைக் கறுப்புக் காகிதத்தின்மேல் வையுங்கள். டால்கம் பவுடர்போல மென்மையாக விழுந்தால் உளுவண்டு. கசகசாபோல மணிமணியாக இருந்தால் மரக் கரையான். விழுந்ததைத் துடைத்துவிட்டு இரண்டு வாரம் அசைக்காமல் விடுங்கள். மறுபடி விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. விழாவிட்டால் எடுத்து வைக்கும்போது உதிர்ந்த பழைய தூளாகவும் இருக்கலாம். இதற்கிடையில் மகளின் கட்டில் ரப்பர் மரமா என்று பாருங்கள். மாவுச்சத்து நிறைந்த மரம் அது. மெருகு போடாத அடிப்பக்கத்தில் இந்த வண்டு முட்டையிடும்.

பூச்சி மருந்தை இனித் தொடாதீர்கள். அது உள்ளே இருக்கும் புழுவை எட்டாது, அதிலுள்ள கரைப்பான் சாயத்தைத்தான் கரைக்கும்.

சாயம் இல்லாத வெறும் மரப் பொருளென்றால் உறைய வைக்கலாம். தடித்த பாலித்தீன் பையில் போட்டுக் காற்றைப் பிழிந்து ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் மரத்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். உங்கள் முகமூடிக்கு இது ஆகாது. அடிப்பூச்சும் சாயமும் விட்டுப்போகும். அதற்கு ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலங்கள்தான் வழி. அவற்றோடு முகமூடியைப் பையில் போட்டு மூடினால் புழு மூச்சின்றிச் சாகும். அலுமினியப் படலம் உள்ள பை வேண்டும், சாதாரண பிளாஸ்டிக் வழியாகக் காற்று கசியும். பையில் ஒரு சிறு சன்னல்போலத் தெளிவான தடுப்புப் படலம் வைத்து, அதன் பின்னே ஆக்சிஜன் காட்டும் வில்லை ஒன்றைப் போடுங்கள். வில்லை இளஞ்சிவப்பாகவே இருக்க வேண்டும். நீலமானால் ஓட்டை இருக்கிறது, நாள்களை முதலிலிருந்து எண்ணுங்கள். நான்கு வாரம் போதும்.

தகர ஓவியங்களுக்குத் துரு எதிரி. கேமரா வைக்கும் உலர் பெட்டி ஒன்றில் அவை போகட்டும், வெறுங்கையால் தொட வேண்டாம். தோல் பாவைகளைத் தட்டையாக, அமிலமில்லாக் காகிதத்துக்கிடையில் வையுங்கள்.

மீதிக்கு ஹாலில் ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. வெளிச்சுவரை ஒட்டாமல் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரமானியும். அதில் இருபது பொருள்தான் அடங்குமென்றால் இருபதுதான் வெளியே இருக்கும். மற்றதைப் பரிசோதித்து, துணி சுற்றிப் பெட்டியில் போடுங்கள். அந்தப் பெட்டி காலியாகும்வரை லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

இந்தச் சனிக்கிழமையே அறையைக் காலி செய்யுங்கள். முதலில் அந்த மாவு கொட்டும் முகமூடி, பையில் மூடி வெளியே. பிறகு மெத்தையையும் கட்டில் சட்டத்தையும் துடைத்து, அவள் மேசையை உள்ளே போடுங்கள். ஏர்கோன் ரிமோட்டை அவள் கையில் கொடுங்கள்.