கேரம் போர்டு பக்கத்தில் வேதாகம விவாதம்

கேள்வி: நாங்கள் சாயங்காலம் கேரம் ஆடும் இடத்துக்கு ஒரு அண்ணன் வருவார், பகுத்தறிவுவாதி. "ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயா நகரத்தில் ஆயர்கள் சங்கம் கூட்டி, தனக்குப் பிடித்த புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டார். அதுதான் உங்க பைபிள்" என்கிறார். வேதவாக்கியங்கள் எல்லாம் தேவனால் அருளப்பட்டவை என்கிற 2 தீமோத்தேயு 3:16-ஐச் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இனி என்ன பேசுவது?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, அவர்கள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. பைபிளை நம்பலாமா என்று கேட்கிறவரிடம் பைபிள் வசனத்தையே சாட்சிக்கு நிறுத்தினால் எப்படி?

நிசேயா விஷயத்தில் அந்த அண்ணன் சொல்வது தவறு. 325-ல் அங்கே கூடியவர்கள் முக்கியமாக விவாதித்தது, இயேசு பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் போதனையை. அந்தச் சங்கத்தின் தீர்மானங்களில் புத்தகப் பட்டியலே கிடையாது. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் அப்படியே அடங்கிய பட்டியல் 367-ல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸின் கடிதத்தில் வருகிறது. அதற்கு வெகு காலம் முன்பே நான்கு சுவிசேஷங்களும் பவுலின் கடிதங்களும் சபைகளில் வாசிக்கப்பட்டு வந்தன. இதைப் பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

அப்புறம்தான் சிக்கல். "பைபிளை நம்பலாமா" என்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுதியது மாறாமல் நம் கைக்கு வந்ததா? எழுதியது உண்மையா? நம் ஆட்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதிலும் ஜெயித்ததாக எழுந்துவிடுவார்கள். எனக்கு எரிச்சல் வரும் இடம் இது. 1947-ல் சவக்கடல் பக்கத்துக் குகையில் கிடைத்த, ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் எழுதிய சுருள், அதுவரை கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. நல்ல சான்றுதான். ஆனால் நகல் எடுத்தவர்கள் கவனமாக எடுத்தார்கள் என்பதற்குத்தான் அது சான்று. ஏசாயா கண்ட தரிசனம் கடவுளிடமிருந்து வந்தது என்று எந்தத் தோல் சுருளும் நிரூபிக்காது. அது விசுவாசம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இடிக்கும் இடங்களையும் மறைக்காதீர்கள். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பகுதியான 16:9-20 மிகப் பழைய பிரதிகள் இரண்டில் இல்லை. இயேசு ஏரோது ராஜாவின் காலத்தில் பிறந்தார் என்கிறது மத்தேயு. லூக்காவோ, சிரேனியு சிரியாவின் ரோம ஆளுநராக இருந்த காலத்துக் குடிமதிப்பின்போது பிறந்தார் என்கிறது. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பாலோர் கணக்கு. யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் சொல்லும் சிரேனியுவின் குடிமதிப்போ கி.பி. 6-ல். இதற்கு விளக்கங்கள் பல உண்டு, எதுவும் எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை. இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், இயேசு ரோம ஆளுநர் பிலாத்துவின் கீழ் கொல்லப்பட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே எழுதியிருக்கிறார் என்று நீங்கள் சொல்லும்போது அந்த அண்ணன் காது கொடுப்பார்.

எட்டுப் பேர் நடுவில் இதையெல்லாம் பேசாதீர்கள். அங்கே யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவரைத் தனியாக டீக்குக் கூப்பிடுங்கள், லூக்கா முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதிலுக்கு அவர் ஒரு புத்தகம் கொடுப்பார். அதையும் வாங்கிப் படியுங்கள், ஒப்புக்குப் புரட்டிவிட்டுத் திருப்பித் தராதீர்கள்.