ஐ3-ஐக் கழற்றி ஐ7 போடலாமா?

மடிக்கணினியின் மூளையான புரோசசரைக் கழற்றி, வேகமான வேறொன்றைப் போடலாமா? இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி இதே கேள்விதான், ஊர்ப்பெயர்தான் வேறு.

தலவாக்கலை மாணவி: அண்ணா, என் மடிக்கணினியில் ஐ5-4200யூ இருக்கிறது. பழுதான இன்னொரு மடிக்கணினியிலிருந்து ஐ5-4200எம் கிடைத்தது. மாற்றலாமா?

முடியாது தங்கச்சி. எண் ஒன்றுதான், கடைசி எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. யூ என்றால் 15 வாட் புரோசசர். மதர்போர்டிலேயே ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். எம் என்றால் 37 வாட், சொக்கெட்டில் (மதர்போர்டிலுள்ள பொருத்தும் குழி) உட்காருவது. எச்.கியூ. என்று முடிந்தாலும் கழற்ற வராது, எம்.கியூ. என்றால் வரும். ஐந்தாம் தலைமுறை (தலைமுறை என்றால் இன்டெல் வெளியிட்ட வரிசை; உங்கள் 4200 நான்காவது) முதல் இன்டெல் மடிக்கணினிப் புரோசசர்கள் எல்லாமே ஒட்டியவைதான்.

மஸ்கெலியா ஆசிரியர்: 2011இல் வாங்கியது, ஐ3-2310எம். ஐ7 போட்டால் வேகம் கூடுமா ஐயா?

உங்களுடையது பெரும்பாலும் கழற்றக்கூடிய ரகம். ஆனால் எம் என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் அதையும் ஒட்டியிருக்கிறார்கள். சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து 'பேக்கேஜ்' என்ற வரியைப் பாருங்கள். 988 என்று இருந்தால் சொக்கெட், 1023 என்றால் ஒட்டியது. (எண்ணோடு வரும் இரண்டு ஆங்கிலச் சுருக்கங்களையும் தமிழில் எழுதினால் ஒரே பி.ஜி.ஏ. ஆகிவிடுகின்றன. எண்ணையே பாருங்கள்.)

988 என்றால் என் தெரிவு ஐ5-2520எம். உங்கள் ஐ3-க்கு 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடத் தெரியாது. இது தேவைப்படும்போது 3.2 வரை ஏறும். இரண்டும் 35 வாட் என்பதால் இருக்கிற விசிறியே போதும். நான்கு கோர் (உள்ளே நான்கு மூளை) கொண்ட ஐ7-2630கியூஎம் 45 வாட். விசிறியும் திணறும், 65 வாட் சார்ஜரும் திணறும். மூன்றாம் தலைமுறைப் புரோசசரும் அதே சொக்கெட்டில் உட்காரும், ஆனால் பயோஸ் (கணினியை முதலில் எழுப்பும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அதை அடையாளம் காணாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். பயோஸைப் புதுப்பிப்பதானால் பழைய புரோசசர் இருக்கும்போதே, பெட்டரியை முழுதாக ஏற்றிவைத்துச் செய்யுங்கள். மழைக்கால மாலையில் வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே போய்விடும்.

கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய புரோசசர் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். 'கான்பிடென்ஷியல்' என்றிருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி. நான் ஒருமுறை ஏமாந்து வாங்கி, இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புரோசசரைச் சாய்த்து, அடியிலுள்ள பின்களையும் பாருங்கள். ஒன்றிரண்டு வளைந்திருந்தால், ஈயக்குச்சி எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் நுனியைப் பின்னில் செருகி மெதுவாக நிமிர்த்தலாம்.

இத்தனைக்கும் முன் ஒன்று: உங்கள் கணினியில் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தானா? அப்படியானால் முதல் காசை எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) கொடுங்கள். புரோசசருக்குக் காசு கேட்கவே தோன்றாமல் போகலாம்.

ஹட்டன் வாசகர்: நானே மாற்றினேன். பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது.

சூடு. புரோசசரின் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டாமல் மேலேயே புதியதைப் பூசினீர்களா? ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு மிளகளவு வைத்தால் போதும். ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பகுதி) திருகுகளைப் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்களின் வரிசையில் இறுக்குங்கள்.

அப்படியும் அணைந்தால் விசிறியைக் கழற்றிச் செப்புத் தகடுகளின் இடைவெளியைப் பாருங்கள். சென்ற வாரம் ஒரு தோட்ட லயத்து வீட்டிலிருந்து வந்த கணினியில், விறகடுப்புப் புகையும் தூசும் சேர்ந்து அங்கே கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தன. பிடித்து இழுத்ததும் ஒரே துண்டாக வந்தது. காற்று ஊதினால் போகாது, தூரிகை வேண்டும்.

நுவரெலியா வாசகர்: எங்கள் குளிருக்குக் கணினி சூடேறாதுதானே?

குளிர் உதவும். ஆனால் 1868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விசிறி அள்ளும் காற்றும் குறைவு. கம்பளிமேல் வைத்து வேலை செய்தால் எந்த ஊர்க் குளிரும் காப்பாற்றாது.

பண்டாரவளை ஆசிரியை: புரோசசரை மாற்றினால் விண்டோஸ் 11 ஏறுமா?

ஏறாது, டீச்சர். அது கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும்; கழற்றக்கூடிய மடிக்கணினிச் சொக்கெட் எதிலும் இன்டெல் நான்காம் தலைமுறைக்கு மேல் எதுவும் உட்காராது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வினாத்தாள் தட்டச்சு செய்யத்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள்; தமிழ், சிங்கள விசைப்பலகைகள் அதிலேயே இருக்கின்றன.