சில்வரில் எந்தச் சில்வர்?

கேள்வி: என் சில்வர் ஸ்விஃப்ட்டின் பம்பர் கீறலுக்கு வாங்கிய டச்-அப் பெயிண்ட் தனித் திட்டாகத் தெரிகிறதே, ஏன்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: வெறுமனே ‘சில்வர்’ என்று கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்த சில்வரைத்தான் தருவார், தலைவரே! வண்டியின் விவரத் தகட்டில் (நம்பர் பிளேட் அல்ல) கலர் கோடு, அதாவது வண்ணக் குறியீடு இருக்கும். சில்க்கி சில்வர் என்றால் இசட்-2-எஸ். அதைச் சொல்லிக் கலக்கச் சொல்லுங்கள். அப்படியும் மெட்டாலிக்கை பிரஷ்ஷால் தொட்டுவைத்தால் கொஞ்சம் கருத்துத்தான் தெரியும். அதிலுள்ள அலுமினியத் துகள் ஸ்ப்ரேயில் படிகிற மாதிரி படியாது. வெளுத்த பம்பரை முதலில் ரப்பிங் காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டுத் தேய்த்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் கலரைப் பொருத்திப் பாருங்கள். டியூப்லைட்டை நம்பாதீர்கள். பிளாஸ்டிக் வெளியே தெரிந்தால் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம். இல்லாவிட்டால் வாட்டர் வாஷில் உரிந்து வரும். கீழே சொரசொரப்பாக இருக்கும் கருப்புப் பட்டையில் மட்டும் கை வைக்க வேண்டாம், அது பெயிண்டே அடிக்காத பிளாஸ்டிக்.