விளைநிலத்துக்குள் இருக்கும் ஓடைகளையும் ஈரநிலங்களையும் காக்க, கரையோரம் பட்டை விட்டால் போதுமா?

ஆற்றின் இருபுறமும் இத்தனை மீட்டருக்குப் பயிரிடக் கூடாது என்று சட்டம் போட்டால் நீர்ப்பிடிப்புப் பகுதி பிழைத்துவிடுமா, அதில் விவசாயி நசுங்கிவிட மாட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். விவசாயிகளோடு வயல் வயலாக நடந்து வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் பதில்: கரையோரம் பயிரிடாமல் புல்லும் மரமும் வளர விடும் ஒரே அகலப் பட்டை மட்டும் போதாது. ஆற்றிலிருந்து வெகுதூரத்தில், வயலுக்கு நடுவே கிடக்கும் சிற்றோடைகளையும் ஈரப் பள்ளங்களையும்தான் முதலில் காக்க வேண்டும்.

ஓர் ஆற்றுக்கு வந்து சேரும் கிளைகளை எல்லாம் நீட்டி அளந்தால், மொத்த நீளத்தில் பெரும்பங்கு சிற்றோடைகள்தான். அவற்றில் பல, மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் வறண்டு கிடக்கும். அதனால் வரைபடத்தில் இடம்பெறாது. உழும்போது டிராக்டரும் அதன் மேலேயே போய்விடும். அடுத்த பெருமழையில் உழுத மண் அந்த வழியாகவே இறங்குகிறது. உரச்சத்தான பாஸ்பரஸ் பெரும்பாலும் மண் துகளோடு ஒட்டிப் பயணம் செய்வது. மண் போனால் அதுவும் சேர்ந்து போகும். கீழே உள்ள ஏரியில் பாசி மண்டும்.

கரையோரப் பட்டை பயனற்றது என்று சொல்லவில்லை. வேர்கள் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. மரநிழல் நீரின் வெப்பத்தைக் குறைக்கிறது. குளிர்ந்த நீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரையும், மீன்களுக்கு அது உயிர். ஆனால் வயலில் விழும் மழை சீராகப் பரவிக் கரைக்கு வருவதில்லை. தாழ்வான சில இடங்களில் திரண்டு, மண்ணை அறுத்துக்கொண்டு இறங்கும். அந்த இடங்களில் பத்து மீட்டர் புல்லையும் ஒரே பாய்ச்சலில் கடந்துவிடும். மற்ற இடங்களில் மண்ணை வடிகட்டும் வேலை பட்டைக்கு அதிகம் இருக்காது. ஆகவே நீர் திரளும் இடத்தில் பட்டையை நன்றாக அகலப்படுத்தி, பிற இடங்களில் குறைத்துக்கொள்ளலாம். விவசாயி விட்டுக்கொடுக்கும் நிலம் அதே அளவுதான். ஆற்றுக்குக் கிடைக்கும் பலன் பல மடங்கு.

நிலத்துக்கடியில் வடிகால் குழாய் பதித்த வயல்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. உரத்திலிருந்து வரும் நைட்ரேட் நீரில் கரைந்தே போகும்; குழாய் வழியாகப் பட்டைக்கு அடியில் நுழைந்து நேராக ஓடையில் விழும். மேலே எவ்வளவு அழகாகப் புல் வளர்ந்திருந்தாலும் அந்த நைட்ரேட்டைத் தொடவே முடியாது. அந்தக் குழாய் நீரைக் கரையோர மண்ணுக்குள் பரவ விடலாம், அல்லது சிறிய ஈரநிலத்தில் கொண்டுபோய் விடலாம். ஆக்சிஜன் இல்லாத சேற்று மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும். "விளையாத பள்ளம்" என்று மண் கொட்டி மூடப்படும் ஒவ்வோர் ஈரநிலமும் இந்த வேலையைக் கூலியில்லாமல் செய்துகொண்டிருந்த இடம். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் புல்வெளித் தாவரப் பட்டைகளாக மாற்றிப் பார்த்தது. சரிவின் குறுக்கேயும் அடிவாரத்திலும் பட்டைகள் அமைந்தன. 2017இல் வெளியான முடிவுகளின்படி மண்ணைத் தக்கவைக்கும் திறன் 20 மடங்கும், பாஸ்பரஸைத் தக்கவைக்கும் திறன் 4 மடங்குக்கு மேலும் கூடியது. எவ்வளவு நிலம் விடுகிறோம் என்பதைக் காட்டிலும் எங்கே விடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2015இல் பொது நீர்நிலைகளின் ஓரம் சராசரியாக 50 அடி தாவரப் பட்டை கட்டாயம் என்றது. அதே அளவு பலன் தரும் மாற்று முறைகளுக்கும் இடம் தந்தது. வாஷிங்டன் மாநிலம் 2011இல் வேறு வழியில் போய், ஒரு விருப்பத் திட்டம் கொண்டுவந்தது. ஈரநிலம், நிலத்தடி நீர் ஊறும் பகுதி, வெள்ளம் அடிக்கடி சூழும் பகுதி, நிலச்சரிவு போன்ற ஆபத்துள்ள பகுதி, மீன்களும் காட்டுயிர்களும் வாழும் பகுதி என்று ஐந்து வகை இடங்களைக் காக்க, திட்டத்தில் சேர்ந்த மாவட்டங்களில் விவசாயிகள் விருப்பத்தின் பேரில் பங்கேற்கிறார்கள். 2011இல் இருந்த நிலையை விட மோசமாகிவிடக் கூடாது என்பது அளவுகோல். திட்டம் தோற்றால் கட்டாய விதிகள் வரும். ஒவ்வொரு பண்ணையையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளாமல், நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் சேர்த்து அளக்கிறார்கள்.

எனக்கு இரண்டாவது வழியே பிடித்திருக்கிறது. விவசாயியைக் குற்றவாளியாக நிறுத்தாமல் அவருக்குத் தெரிந்ததைக் கேட்கிறது. ஆனால் மொத்தக் கணக்கில் ஓர் ஆபத்து உண்டு: ஓரிடத்தில் நட்ட மரங்களைக் காட்டி, இன்னோர் ஓடை அழிந்ததை ஈடுகட்டிவிடலாம். கிளை ஓடை வாரியாகவும் அளந்தால்தான் அது வெளியே தெரியும்.

விவசாயிக்கு ஆகும் நஷ்டத்தைப் பொதுப்பணம்தான் ஏற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுத்தமான நீர் கீழே இருக்கும் எல்லோருக்கும் போகிறது. நிலத்தை விடுபவர் ஒருவர் மட்டும். நடவுக்கு ஒருமுறை மானியம் கொடுத்துவிட்டு ஒதுங்குவதும் சரியல்ல. முதல் சில வருடங்கள் களையெடுக்கவும், கால்நடைகள் மேயாமல் வேலி பராமரிக்கவும், அவற்றுக்கு ஓடையை விட்டுத் தள்ளித் தண்ணீர்த் தொட்டி வைக்கவும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று உங்கள் பகுதிக்கு வரும் திட்டத்தின் அறிக்கையில் பாருங்கள். இல்லையென்றால், கையெழுத்திடும் முன்பே கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.