ஸ்மார்ட் சாதனம் வாங்கும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

விலை, வசதி தவிர வேறு எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இணையம் வழியே அதை இயக்கும் நிறுவனத்தின் சர்வர் கணினி நின்றுபோனாலும் சாதனம் வேலை செய்யுமா? வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் இயக்க 'ரிவால்வ்' என்றொரு பெட்டி இருந்தது. அதைத் தயாரித்த நிறுவனத்தை 2014இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்திவிட்டது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் காசு கொடுத்தவர்கள் கையில் மிஞ்சியது வெறும் பிளாஸ்டிக்.

அடுத்தது உளவு. விசியோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிவிகள் திரையில் ஓடுவதை நொடிக்கு நொடி குறித்து அந்த நிறுவனத்துக்கே அனுப்பின. கேபிளோ டிவிடியோ, எதுவும் தப்பவில்லை. 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி அமெரிக்காவில் வழக்கை முடித்துக்கொண்டது அந்த நிறுவனம். முதன்முறை இயக்கும்போது வரிசையாக வரும் 'ஏற்கிறேன்' பொத்தான்களைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். செயலி கேட்கும் அனுமதிகளையும் பாருங்கள். பல்பு எரிய என் நண்பர்களின் தொலைபேசி எண்கள் எதற்கு?

கடைசியாக, சாதனத்தில் சேரும் உங்கள் படங்களையும் பதிவுகளையும் பொதுவான கோப்பு வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா என்பதை, பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒருமுறை செய்தே பார்த்துவிடுங்கள்.