ஊட்டிக்காரனுக்கு உயர நோய் வராதா?

"ஊட்டியில் பிறந்து வளர்ந்தவன், மலையேற்றம் பழக்கம்தான். லடாக் ட்ரெக்கிங் போனால் எனக்கும் உயர நோய் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். உயரத்துக்கு வேகமாகப் போகும்போது, அங்கே கிடைக்கும் குறைந்த ஆக்ஸிஜனுக்கு உடம்பு பழகாமல் வருவதுதான் இந்த நோய். எனக்கு வந்தது.

நானும் ஊட்டிதான். கோவையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியும் 'மலைக்காரன்' என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லடாக்கின் லே நகரம், 3,500 மீட்டர். கூட வந்த சென்னை நண்பன் போர்வைக்குள் புகுந்துகொண்டான். நான் குன்றின் மேலிருக்கும் சாந்தி ஸ்தூபிக்குப் படியேறப் போனேன். ராத்திரி எட்டு மணிக்கு மண்டையைப் பிளக்கும் வலி, குமட்டல். டீ குடிக்காத தலைவலி என்று நானே முடிவு கட்டி ஒரு பாராசிட்டமால் போட்டேன். விடுதிக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே, மறுநாள் லேயைவிட உயரமான கார்துங் லா கணவாய்க்குப் போக வேண்டிய வண்டியை வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். நண்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை!

நம் ஊர் மலை நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. இந்த நோய் பொதுவாகத் தலைகாட்டுவதே 2,500 மீட்டருக்கு மேல், அதுவும் சில மணி நேரம் கழித்துத்தான். தொட்டபெட்டாவில் நாம் அரை மணி நேரம் நின்று, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கிவிடுகிறோம். கல்லட்டி கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுலாப் பயணிகள் எடுப்பது வண்டி வாந்தி, அது வேறு சமாச்சாரம். ஊட்டியிலேயே இருப்பவருக்கு உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும்தான். ஆனால் சில வாரம் கீழே இருந்தால் அதுவும் போய்விடும். கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் பலசாலிதான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறான்.

லேயில் முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள். 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றையதைவிட 500 மீட்டருக்கு மேல் உயர வேண்டாம். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். குடித்தவன் போல நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே இறங்க வேண்டும். டயமாக்ஸ் மாத்திரை முன்கூட்டியே எடுத்தால் உதவும். மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாது என்றால் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், சாலை வழியாகப் போனால் பயமில்லை என்பார்கள். மணாலி வழியில் சர்ச்சுவில் தங்கினால் அது 4,200 மீட்டருக்கு மேல், லேயைவிட உயரம். ஸ்ரீநகர், கார்கில் வழியாகப் போங்கள்.