மகரக்கட்டு வயதில் சேர்ந்திசை: பாட்டுத் தேர்வு பற்றிய கேள்வி பதில்

மகரக்கட்டு என்பது பையன்களின் குரல் உடைந்து ஆண் குரலாக மாறும் பருவம். அந்த வயதில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைச் சேர்ந்து பாட வைப்பவர்கள் கேட்ட கேள்விகளும், பள்ளிச் சேர்ந்திசைக் குழுக்களுக்குப் பயிற்சி தருபவன் என்ற முறையில் என் பதில்களும்.

திருச்சி, அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை: வணக்கம் சார். கலைத் திருவிழாவுக்குக் குழுப் பாடல் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நான் தமிழ் ஆசிரியை, இசை முறையாகப் படித்ததில்லை. எந்தப் பாட்டை எடுக்கலாம்?

வணக்கம் டீச்சர். பாட்டைத் தேடும் முன் உங்களிடம் இருக்கும் குரல்களைக் கேட்டுவிடுங்கள். அதற்கு எல்லாருக்கும் தெரிந்த தமிழ்த்தாய் வாழ்த்தே போதும். மோகன ராகம், மூன்றன் நடை, 55 விநாடி. நாலு நாலு பேராக நிறுத்திப் பாடச் சொல்லுங்கள். சுருதி கொடுக்காதீர்கள், அவர்களாக எடுக்கட்டும். யார் மேலே போகும்போது நழுவுகிறார்கள், யார் கீழ் ஸ்தாயியில் தனியாகப் பாடுகிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாட்டுக்கு வரலாம். ஒரு வரி ஒரே மூச்சில் முடிகிறதா என்று பாருங்கள். உச்ச ஸ்வரம் எது என்பதைவிட, பாட்டு பெரும்பாலும் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது முக்கியம். ஒரு முறை மேலே போய்த் தொட்டுவிட்டு வருவதைப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். அங்கேயே நாலு வரி நின்றால் தொண்டை இறுகிவிடும்.

நீங்கள் தமிழ் ஆசிரியை என்பதால் சொல்கிறேன்: உங்கள் ஊர்க் கும்மியும் ஏற்றப் பாட்டும் பிள்ளைகளின் பாட்டிமாருக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் அமைப்பு அதில் ஏற்கெனவே இருக்கிறது. புதிய குழுவுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

தூத்துக்குடி, இசை ஆசிரியர்: எட்டாம் வகுப்புப் பையன்கள் ஆறு பேருக்கு மகரக்கட்டு உடைந்துகொண்டிருக்கிறது. மற்ற பிள்ளைகளோடு 5 கட்டையில் பாட முடியவில்லை, 1 கட்டைக்கு இறக்கினாலும் வரவில்லை. இந்த வருஷம் அவர்களை நிறுத்தி வைக்கலாமா?

நிறுத்தவே கூடாது. உதட்டை மட்டும் அசைக்கச் சொல்வதும் கூடாது. 'உனக்குப் பாட்டு வராது' என்று இந்த வயதில் கேட்டவன் பிறகு வாயே திறக்க மாட்டான். அவன் குரலுக்கு ஏற்ற வரியைத் தேடிக் கொடுப்பது நம் வேலை.

குரல் ஒரே நாளில் ஆண் குரலாக இறங்குவதில்லை, படிப்படியாக இறங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் குக்ஸி 1970களில் இந்தப் படிகளை வரிசைப்படுத்தினார். அவர் சொன்ன எல்லைகளை 5 கட்டைச் சுருதியில், அதாவது ஹார்மோனியத்தின் ஐந்தாம் வெள்ளைக் கட்டையை ஷட்ஜமாக (ச) வைத்துப் பார்ப்போம். மந்த்ரம் என்றால் கீழ் ஸ்தாயி, மத்யம் என்றால் நடு ஸ்தாயி. இன்னும் உடையாத குரல் மத்ய ரிஷபத்திலிருந்து மேல் பஞ்சமத்தையும் தாண்டிப் போகும். மாற்றத்தின் நடுவில் இருக்கும் பையன் மந்த்ர நிஷாதத்திலிருந்து மேல் ரிஷபம் வரை வருவான். இன்னும் இறங்கியவன் மந்த்ர பஞ்சமத்திலிருந்து மத்ய நிஷாதம் வரை. ஏறக்குறைய அடங்கிய குரல் மந்த்ர காந்தாரத்திலிருந்து மத்ய பஞ்சமம் வரை.

இந்த நாலு பேருக்கும் பொதுவாக என்ன மிஞ்சுகிறது? ரி, க, ம, ப. நாலே ஸ்வரம்! அதனால்தான் எல்லாரும் ஒரே வரியைப் பாடும் பாட்டு உங்களுக்கு இடிக்கிறது. 1 கட்டை ஏன் வரவில்லை என்பதற்கும் இதுவே காரணம். 1 கட்டையில் பாடும் பெரிய ஆண்களின் ஆதார ஷட்ஜத்தை அவர்களில் பாதிப் பேர் இன்னும் தொடவே முடியாது.

சுருதியை 5 கட்டையிலேயே வையுங்கள். அந்த ஆறு பேருக்கும் மத்ய ஸ்தாயியில் ச, ரி, க, ப மட்டும் வரும்படி தனி வரி எழுதுங்கள். பல்லவியின் முக்கியமான சொல்லை அவர்கள் தாளத்தோடு திருப்பிச் சொல்லலாம், நீட்டிப் பிடிக்கலாம். 'ஏலேலோ' மாதிரி மடக்கிப் பாடும் அடி இருந்தால் அதை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குரலை மறுபடி கேளுங்கள், எல்லை மாறியிருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது. இவ்வளவு வெளியே தெரியாது, காற்று கலந்த மாதிரி ஒலிக்கும். 'இவள் கீழ்க்குரல்' என்று முத்திரை குத்தாமல், ஒரு பாட்டில் மேல் வரியும் அடுத்ததில் கீழ் வரியும் கொடுங்கள்.

கோயம்புத்தூர், ஒரு பெற்றோர்: சினிமாப் பாட்டு ஏன் கூடாது? பிள்ளைகள் ஆசையோடு பாடுகிறார்களே.

கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சிக்கல் வேறு. பெரும்பாலான சினிமாப் பாட்டு ஒரு தனிக் குரலுக்காக அமைந்தது. அந்தப் பாடகரின் சங்கதிகளை, அதாவது ஒரே வரியில் அவர் போடும் நுணுக்கமான அலங்காரங்களை, முப்பது பேர் சேர்ந்து உருட்டினால் குழம்பிவிடும். கரோக்கி டிராக்கை அப்படியே ஓடவிட்டால் சுருதியும் அந்தப் பாடகருடையதாகிவிடும். டிராக்கை விட்டுவிட்டு ஹார்மோனியத்தில் உங்கள் பிள்ளைகளின் கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குழுவாகப் பாடுவதற்கென்றே அமைந்த சினிமாப் பாட்டுகளும் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள்.

சேலம், கர்நாடக இசை ஆசிரியை: ஒரே குரலில் நன்றாகப் பாடுகிறார்கள். இரண்டு வரியாகப் பிரித்துப் பாட எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம் சார்?

மோகனத்தில் ஒரு சின்னப் பாட்டு எடுங்கள். முதல் குழு ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாடியதும் இரண்டாவது குழு அதே பாட்டைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். மத்யமமும் நிஷாதமும் இல்லாததால் அரை ஸ்வர உரசல் வராது, இரண்டு வரியும் மேலே மேலே விழுந்தாலும் காது உறுத்தாது. அந்தத் துணிச்சல் வந்த பிறகு, ஒரு குழு ஷட்ஜத்தைப் பிடிக்க இன்னொரு குழு பாடட்டும். அதற்கும் அடுத்துத்தான் தனியான இரண்டாம் வரி.

ராகத்தில் கவனம் வேண்டும். தோடி, சஹானா போன்றவற்றில் கமகம்தான், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதுதான் உயிர். அசையும் ஸ்வரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்வரத்தை நிறுத்த முடியாது, கமகத்தை எடுத்துவிட்டால் ராகமே போய்விடும். அவற்றை ஒரே குரலில் பாடுங்கள், அதுவும் அழகுதான்.

நம்மிடமே தயாராக இருப்பது முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வர சாகித்யங்கள். சங்கராபரண ஸ்வரங்களில், ஐரோப்பிய மெட்டுகளைத் தழுவி வந்தவை. கமகம் கிடையாது, வரிகள் குட்டையானவை. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து நாட்டுப் பண்ணின் மெட்டு என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கும் பள்ளியில் சாகித்யம் (பாட்டின் சொற்கள்) வேண்டாம் என்று நினைத்தால், முதலில் ஸ்வரமாகவே பாட வையுங்கள்.

காரைக்குடி, ஆசிரியர்: பாப்பா பாட்டு வேண்டாம் என்கிறார்கள். காதல் பாட்டும் கொடுக்க முடியாது. நடுவில் என்ன இருக்கிறது?

பாரதி இருக்கிறார் சார். பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு வீரமும் கோபமும் நட்பும் இயற்கையும் பிடிக்கும். அவருடைய பாட்டில் நாலும் உண்டு. சென்னையில் எம்.பி. சீனிவாசன் தொடங்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழு பாரதி பாடல்களைப் பல குரல் அடுக்குகளில் பாடிக் காட்டியது. நேராக நடக்கும் தாளம் உள்ளவற்றை எடுங்கள். 'சின்னஞ்சிறு கிளியே' எல்லாருக்கும் பிடிக்கும்தான், ஆனால் பல ராகங்களைக் கோத்த பிரபலமான அந்த ராகமாலிகை மெட்டு தனிக் குரலுக்கு உரியது.

மூன்று பாட்டைப் பாடிக் காட்டி ஒன்றை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்றையும் வடிகட்டுவது உங்கள் பொறுப்பு.

சென்னை, பள்ளி நிர்வாகி: உரிமை வாங்க வேண்டுமா?

பாரதியின் எழுத்துகளை 1949இலேயே அரசு நாட்டுடைமையாக்கி, பின்னர் பொதுவுடைமையாக்கிவிட்டது. ஆனால் பின்னால் ஒருவர் போட்ட மெட்டுக்குத் தனி உரிமை இருக்கும். பள்ளி நிகழ்ச்சியில் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டுமே பார்வையாளர்கள் என்றால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. யூடியூபில் ஏற்றுவது வேறு கணக்கு, அதற்கு அனுமதி கேளுங்கள்.

டொரொன்டோ, தமிழ்ப் பள்ளி ஆசிரியை: எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடக் கொயரில் ஸ்டாஃப் நொட்டேஷன் பார்த்துப் பாடுவார்கள். தமிழ் வாசிக்கத்தான் கஷ்டம். என்ன பாட்டுக் கொடுக்கலாம், அண்ணா?

பாதி வேலை முடிந்துவிட்டது அக்கா, இரண்டு குரல் அவர்களுக்குப் பழக்கமாக இருக்கும். சொற்கள் குறைவாக, பல்லவி அடிக்கடி திரும்பி வரும் நாட்டார் பாடலைக் கொடுங்கள். நீட்டிப் பாடும் இடத்தில் நெடில் வருகிறதா என்று பாருங்கள். குறிலை நீட்டினால் சொல்லே மாறிப்போகும், அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. மெட்டில்லாமல், தாளத்தோடு சொற்களை மட்டும் முதலில் பேச வையுங்கள். ழகரமும் ளகரமும் அங்கேயே சரியாகிவிடும்.

விழுப்புரம், ஆசிரியை: ஆண்டு விழாவில் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை பாட்டு?

மூன்று போதும். நிற்கவும் ஏறி இறங்கவும் நேரம் போகும். எல்லாருக்கும் வசதியான ஒரு குரல் பாட்டு முதலில், கடினமான இரண்டு குரல் பாட்டு நடுவில், கைத்தட்டோடு நாட்டுப்புறப் பாட்டு கடைசியில். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடுப்பாட்டை ஹார்மோனியம் இல்லாமல் பாடச் சொல்லுங்கள். சுருதி இறங்காமல் முடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கினால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தெரிந்த கும்மி ஒன்றைப் போடுங்கள்.